பேக்கப் இருக்கு சரி, திரும்ப வருமா? உங்க கடைக் கணக்குக்கு எந்த முறை கட்டுபடியாகும்?

கடைக்கு ஃபயர் இன்சூரன்ஸ் போட்டிருப்பீங்க. குடோன் சரக்குக்கு, வண்டிக்கு, உங்க உயிருக்குக்கூட போட்டிருப்பீங்க. ஆனா உங்க வியாபாரத்தோட ஒரு பெரிய சொத்து இந்த லிஸ்ட்ல எங்கயுமே இல்லாம இருக்கும். யார் யார் உங்களுக்கு எவ்வளவு தரணும்ங்கற கணக்குதான் அது.

ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடைனு வச்சுக்குவோம். 140 பார்ட்டி, வெளியில நிக்கற பாக்கி 22 லட்சம் ரூபாய். இந்த 22 லட்சம் இருக்கறது கல்லாவுலயும் இல்ல, பேங்க்லயும் இல்ல. பில்லிங் டேபிள் மேல இருக்கற ஒரு கம்ப்யூட்டர்ல, ஒரு டேட்டாபேஸ்ல இருக்கு. அந்த டிஸ்க் போச்சுன்னா 140 பேருக்கும் போன் போட்டு "நீங்க எனக்கு எவ்வளவு தரணும்?"னு அவங்ககிட்டயே கேக்கணும். நல்லவங்க சரியா சொல்லுவாங்க. மத்தவங்க?

"ஜிஎஸ்டி போர்ட்டல்ல எல்லாமே இருக்குமே சார்"னு சொல்றவங்க உண்டு. பாதி உண்மை. ஜிஎஸ்டி நம்பர் இருக்கற பார்ட்டிக்கு போட்ட பில்லு ஜிஎஸ்டிஆர்-1ல ஒவ்வொண்ணா இருக்கும். ஆனா அந்தப் பில்லுக்கு பணம் வந்துச்சா, பாதி வந்துச்சா, செக் திரும்பிச்சாங்கறது போர்ட்டலுக்குத் தெரியாது. சில்லறை விற்பனை பெரும்பாலும் மொத்தத் தொகையாத்தான் போகும். சிசி லிமிட்டுக்காக பேங்க்குக்கு மாசாமாசம் குடுக்கற ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்ல கடனாளி லிஸ்ட் இருக்கும், அதுவும் போன மாசக் கணக்குதான். இதையெல்லாம் ஒட்டுப்போட்டு ஒரு கணக்கு கொண்டு வரலாம், ஆனா எவ்வளவு நாளாகும்?

பேக்கப் பத்தி பேசுனாலே ஐடி ஆளுங்க சமாச்சாரம்னு நகர்ந்துடறோம். இது பணம் சம்பந்தப்பட்ட முடிவு. இன்சூரன்ஸ் எடுக்கும்போது கேக்கற கேள்விங்கதான் இங்கயும்: எவ்வளவு நஷ்டம் வந்தா தாங்குவேன், அதுக்கு வருஷத்துக்கு எவ்வளவு கட்டலாம், கடைசியில கிளெய்ம் கிடைக்குமா. மூணாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். பேக்கப்புங்கறது பாலிசி, ரீஸ்டோருங்கறதுதான் கிளெய்ம். நம்மள்ல நிறைய பேர் பாலிசிய மட்டும் பத்திரமா வச்சிருக்கோம்.

முதல்ல ரெண்டு நம்பர் போடுங்க

எந்த முறை நல்லதுனு கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்தை ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஒண்ணு, அதிகபட்சம் எத்தனை மணி நேர என்ட்ரி போனா சமாளிப்பீங்க? ரெண்டு, கணக்கு இல்லாம எத்தனை மணி நேரம் கடை ஓட்டுவீங்க? முதல்ல சொன்னதை ஐடில ஆர்பிஓனு சொல்லுவாங்க, ரெண்டாவது ஆர்டிஓ. பைக் லைசென்ஸ் குடுக்கற ஆர்டிஓ இல்ல.

ஒரு நாளைக்கு 120 பில், ஒரு பில்லை திரும்ப ஏத்த 4 நிமிஷம்னு வச்சுக்கோங்க. 480 நிமிஷம், அதாவது எட்டு மணி நேரம். ஒரு நாள் டேட்டா போனா ஒரு ஆளோட ஒரு நாள் சம்பளம் போச்சு, ஒரு 700 ரூபாய். ஒரு வாரம் போனா ஆறு நாள் வேலை, 4,200 ரூபாய். இதுவரைக்கும் பரவாயில்ல.

ஒரு மாசம் போனா 18,200 ரூபாய்னு கணக்கு போடாதீங்க. இங்கதான் கணக்கு மாறுது. ஒரு மாசத்துக்கு முந்தின பில் காப்பி முழுசா கைல இருக்காது. தெர்மல் பேப்பர்ல அடிச்சது மங்கிப் போயிருக்கும். கையில வாங்கின பணத்துக்கு ரசீது போட்டமா இல்லையானு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்போ போறது சம்பளம் மட்டும் இல்ல, பாக்கியே போகுது. 22 லட்சத்துல 5 சதவீதம் தகராறுல மாட்டினாக்கூட 1,10,000 ரூபாய். நஷ்டம் நாளுக்கு நாள் ஒரே அளவுல ஏறாது, ஒரு கட்டத்துக்கு மேல குதிச்சு ஏறும். உங்க கடைக்கு அந்தக் கட்டம் மூணாவது நாளா, பத்தாவது நாளாங்கறது உங்களுக்குத்தான் தெரியும். அந்த நாளுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு நல்ல காப்பி கைல இருக்கணும்.

முழு காப்பி, சேர்ந்த காப்பி, அன்னன்னிக்கு காப்பி

பேக்கப் எடுக்கறதுல மூணு அடிப்படை முறை இருக்கு. பேங்க் ஸ்டேட்மெண்ட் வச்சு சொல்றேன்.

ஃபுல் பேக்கப்னா தினமும் ஆரம்பத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் முழு ஸ்டேட்மெண்ட்டையும் பிரிண்ட் எடுத்து வைக்கற மாதிரி. எந்த ஒரு நாள் பிரிண்ட் கிடைச்சாலும் போதும், முழுக் கணக்கும் வந்துடும். பேப்பர்தான் அதிகமாகும்.

டிஃபரென்ஷியல்னா ஞாயித்துக்கிழமை ஒரு முழு பிரிண்ட், அதுக்கப்புறம் தினமும் "ஞாயிறுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும்" உள்ளதை மட்டும் பிரிண்ட். திரும்பக் கொண்டுவர ரெண்டே கட்டு போதும்: ஞாயிறு ஒண்ணு, கடைசி நாள் ஒண்ணு.

இன்க்ரிமென்டல்னா ஞாயிறு முழு பிரிண்ட், திங்கள் திங்களோடது மட்டும், செவ்வாய் செவ்வாயோடது மட்டும். பேப்பர் ரொம்பக் கம்மி. ஆனா சனிக்கிழமை கணக்கு வேணும்னா ஏழு கட்டும் வரிசையா வேணும். நடுவுல புதன்கிழமை தாள் கிழிஞ்சிருந்தா வியாழன், வெள்ளி, சனி கைல இருந்தும் சேர்க்க முடியாது.

நம்பரா பார்ப்போம். டேட்டாபேஸ் 20 ஜிபி, தினமும் புதுசா மாறறது அரை ஜிபினு எடுத்துக்குவோம். ஒரு வாரத்துக்கு தினமும் ஃபுல் எடுத்தா 140 ஜிபி. டிஃபரென்ஷியல்ல 20, அதுக்கு மேல அரை, ஒண்ணு, ஒண்ணரைனு மூணு வரைக்கும் ஏறி மொத்தம் 30.5 ஜிபி. இன்க்ரிமென்டல்ல வெறும் 23 ஜிபி. இந்த நம்பரைப் பார்த்தா இன்க்ரிமென்டல்தான் புத்திசாலித்தனம்னு தோணும். பெரிய கம்பெனிக்கு அது சரியும்கூட, அங்க அந்தச் சங்கிலி அறுந்துடாம பார்த்துக்க ஆளும் சாஃப்ட்வேரும் இருக்கு.

உங்க கடைக்கு? உங்க டேட்டா ஃபோல்டரை ரைட் கிளிக் பண்ணி சைஸ் பாருங்க. நிறைய சின்னக் கடைகள்ல அது ஒண்ணு ரெண்டு ஜிபியைக்கூட தாண்டாது, சுருக்கினா இன்னும் சின்னதாகும். அந்த அளவுக்கு எதுக்கு சங்கிலி? தினமும் ராத்திரி ஃபுல் எடுங்க, முடிஞ்சது. இடத்தை மிச்சம் பண்றேன்னு சிக்கலை விலைக்கு வாங்காதீங்க. 50 ஜிபி, 100 ஜிபினு போனவங்க மட்டும் வாரம் ஒரு ஃபுல், தினமும் ஒரு டிஃபரென்ஷியல்னு வச்சுக்கலாம். ரீஸ்டோர் பண்ற அன்னிக்கு உங்க கை நடுங்கிட்டு இருக்கும், ரெண்டு ஃபைல் கையாளறதும் ஏழு ஃபைல் கையாளறதும் அப்போ ஒண்ணா இருக்காது.

இன்னொரு விஷயம். பில்லிங் சாஃப்ட்வேர் ஓடிட்டு இருக்கும்போதே டேட்டாபேஸ் ஃபைலை காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க. காப்பி ஆகிட்டு இருக்கற நேரத்துல ஒரு பில் விழுந்தா, ஃபைலோட முதல் பாதி பழைய நிலையிலயும் மறுபாதி புது நிலையிலயும் இருக்கும். காப்பி ஆன மாதிரிதான் தெரியும், திறக்கும்போது கரப்ட்னு வரும். சாஃப்ட்வேர்லயே இருக்கற பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்க. டேலி பிரைம்ல டேட்டா மெனுவுலயே பேக்கப்பும் ரீஸ்டோரும் இருக்கு. மைஎஸ்க்யூஎல்ல ஓடற சாஃப்ட்வேருக்கு மைஎஸ்க்யூஎல்டம்ப் இருக்கு.

உங்க பில்லிங் சாஃப்ட்வேர் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்ல ஓடுதுன்னா ஒண்ணு கவனிங்க. அது இலவசப் பதிப்பு, தானா நேரத்துக்கு பேக்கப் எடுக்க வைக்கற 'ஏஜென்ட்' அதுல கிடையாது. இன்ஸ்டால் பண்ண ஆளு விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்லயோ வேற வழியிலயோ தனியா ஏற்பாடு பண்ணியிருந்தாத்தான் ஓடும். "அதெல்லாம் ஆட்டோமேட்டிக் சார்"னு அவர் சொல்லியிருந்தா, நேத்து தேதி போட்ட ஃபைலைக் காட்டச் சொல்லுங்க.

மத்தியானம் 3:42க்கு திரும்பப் போக முடியுமா?

ராத்திரி பேக்கப்புல ஒரு ஓட்டை இருக்கு. சாயங்காலம் 4 மணிக்கு யாரோ ஒரு பார்ட்டி லெட்ஜரை தெரியாம அழிச்சுட்டாங்கன்னா, நேத்து ராத்திரிக்குத்தான் திரும்பப் போக முடியும். இன்னிக்கு போட்ட பில்லெல்லாம் காலி.

இதுக்குத்தான் லாக். பெரும்பாலான டேட்டாபேஸ்ங்க ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு குறிப்பேடு மாதிரி தனியா எழுதிட்டே வரும். மைஎஸ்க்யூஎல்ல பின்லாக், எஸ்க்யூஎல் சர்வர்ல டிரான்சாக்ஷன் லாக், போஸ்ட்கிரெஸ்ல வால். நேத்து ராத்திரி ஃபுல் பேக்கப்பை ஏத்திட்டு, அதுக்கு மேல இந்தக் குறிப்பேட்டை 3:42 வரைக்கும் மட்டும் ஓட்டி நிறுத்தலாம். 3:43க்கு நடந்த தப்பு நடக்கவே இல்லாத மாதிரி ஆகிடும். பாயின்ட் இன் டைம் ரெகவரினு பேர்.

கேக்க அருமையா இருக்கு, ஆனா இது கவனிப்பு கேக்கற ஏற்பாடு. மைஎஸ்க்யூஎல் 8ல பின்லாக் தானாவே ஆன்ல இருக்கும், 30 நாள் வச்சிருக்கும். ஆனா அது அதே டிஸ்க்ல இருந்தா டிஸ்க்கோடயே போயிடும், வேற இடத்துக்கு அனுப்பிட்டே இருக்கணும். எஸ்க்யூஎல் சர்வர்ல ஃபுல் ரெகவரி மாடல் போட்டுட்டு லாக் பேக்கப் எடுக்காம விட்டா, லாக் ஃபைல் ஊதிக்கிட்டே போய் டிஸ்க்கை நிரப்பி பில்லிங்கையே நிறுத்திடும். ஒரு நாளைக்கு 120 பில் போடற கடைக்கு இது தேவையில்லைங்கறது என் கருத்து. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல இன்னொரு ஃபுல் எடுத்தா நஷ்டம் பாதியாகுது, செலவு ஒண்ணும் இல்ல. ஆன்லைன்ல நிமிஷத்துக்கு ஆர்டர் விழற தொழில், சீட்டு, நகைக்கடன் மாதிரி ஒவ்வொரு ரசீதும் அடுத்தவங்க பணமா இருக்கற தொழில்னா லாக் கண்டிப்பா வேணும், அதைப் பார்த்துக்க ஆளும் வேணும்.

"எனக்கு ரெண்டு காப்பி இருக்கு" – இதுல ஒரு குழி இருக்கு

கம்ப்யூட்டர்ல ரெண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு ரெய்டு மிரர் பண்ணியிருக்கேன், இல்ல கூகுள் டிரைவ்ல சிங்க் பண்றேன், அதனால எனக்கு பேக்கப் இருக்குனு நினைக்கறவங்க நிறைய. மிரர் கண்ணாடி மாதிரிதான். நீங்க முகத்துல கரி பூசினா கண்ணாடியிலயும் கரி. இங்க டெலீட் ஆனா அங்கயும் டெலீட், இங்க ரேன்சம்வேர் பூட்டு போட்டா பூட்டு போட்ட ஃபைல்தான் மேலயும் ஏறும். சிங்க் சேவைங்க பழைய வெர்ஷனை கொஞ்ச நாள் வச்சிருக்கும், அதை நம்பியே இருக்கறது வேற விஷயம். மிரர் எதுக்குன்னா ஒரு டிஸ்க் செத்தாலும் கடை நிக்காம ஓடறதுக்கு. நல்லதுதான். ஆனா அது பேக்கப் இல்ல.

இதுக்கு உலகமே பார்த்த உதாரணம் கிட்லேப். சாஃப்ட்வேர் எழுதறவங்க தங்களோட கோடை வச்சுக்கற தளம். 2017 ஜனவரி 31 அன்னிக்கு, ரெண்டாவது சர்வருக்கு டேட்டா ஒழுங்கா போய்ச் சேராததை சரி பண்ணப் போன ஒரு இன்ஜினியர், அந்த ரெண்டாவது சர்வர்னு நினைச்சு மெயின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சுட்டார். ரெண்டொரு நொடியில தெரிஞ்சு நிறுத்தினார். அதுக்குள்ள சுமார் 300 ஜிபில 4.5 ஜிபிதான் மிச்சம்.

சரி, பேக்கப் எடுத்துப் போடலாம்னு பார்த்தாங்க. தினமும் எடுக்கற டேட்டாபேஸ் டம்ப், கிளவுட்ல போற இடம் காலியா இருந்துச்சு. காரணம், டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், டம்ப் எடுக்கற கருவி பழைய 9.2 வெர்ஷன்ல ஓடி, தினமும் பிழை காட்டி நின்னுட்டு இருந்திருக்கு. பிழை வந்தா ஈமெயில் வரணுமே? அந்த மெயில்களை மெயில் சர்வரே ஏத்துக்காம திருப்பி அனுப்பிட்டு இருந்துச்சு. டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதி? மத்த சர்வருக்கு இருந்துச்சு, டேட்டாபேஸ் சர்வருக்கு ஆன் பண்ணலை. ரெண்டாவது சர்வர்லயும் டேட்டா இல்ல, அதை சரி பண்ணத்தான் ஏற்கனவே அழிச்சிருந்தாங்க.

கடைசியில காப்பாத்தினது எது தெரியுமா? வேற ஒரு டெஸ்டிங் வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி கையால எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட். அதுவும் மெதுவான டிஸ்க்ல இருந்ததால, காப்பி ஆகி தளம் திரும்ப எழ 18 மணி நேரம் போல ஆச்சு. ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான், சுமார் 5,000 ப்ராஜெக்ட், 700 புது பயனர் கணக்கு வரைக்கும் பாதிப்பு. அந்த ரெகவரியை அவங்க யூடியூப்ல லைவா காட்டினாங்க, என்ன தப்பு நடந்துச்சுனு ஒளிக்காம எழுதியும் வச்சாங்க. அதனாலதான் நாம இன்னிக்கு இதைப் பேச முடியுது.

பாலிசி நாலஞ்சு இருந்துச்சு, கிளெய்ம் எதுவும் ஆகலை.

ஓய்வூதியப் பணமே ஒரு வாரம் கண்ணுல படலைன்னா?

நம்ம சேனல்ல பிஎஃப், என்பிஎஸ்னு நிறைய பேசியிருக்கோம், அதனால இந்தக் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமா இருக்கும். ஆஸ்திரேலியாவுல யூனிசூப்பர்னு ஒரு ஓய்வூதிய நிதி. அஞ்சு லட்சத்துக்கும் மேல உறுப்பினர்கள், 12,000 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல பணம். 2024 மே மாசம் அவங்க கூகுள் கிளவுட்ல வச்சிருந்த ஒரு முக்கியமான அமைப்பு அழிஞ்சுபோச்சு. ஹேக்கிங் இல்ல. முன்னாடி அதை அமைக்கும்போது கூகுள் பக்கத்துல ஒரு கட்டத்தை காலியா விட்டிருந்ததால, குறிப்பிட்ட காலத்துக்கு அப்புறம் அது தானா அழிஞ்சுடுச்சு.

யூனிசூப்பர் கவனமாத்தான் இருந்திருக்காங்க. ரெண்டு இடத்துல காப்பி வச்சிருந்தாங்க. ஆனா ரெண்டும் ஒரே அமைப்புக்குக் கீழ இருந்ததால அந்த அமைப்பு போனதும் ரெண்டும் போச்சு. அவங்க இன்னொரு கம்பெனிகிட்டயும் தனியா பேக்கப் வச்சிருந்தது மீள்றதுக்குக் கை குடுத்துச்சு. அப்படியும் உறுப்பினர்கள் தங்களோட கணக்கைப் பார்க்க ஒரு வாரம் போல காத்திருந்தாங்க. பணம் பத்திரமா இருந்துச்சு, கணக்குதான் தெரியலை. அந்த ஒரு வாரம் எப்படி இருந்திருக்கும்னு ரிட்டயர் ஆனவங்களைக் கேட்டுப் பாருங்க.

இதுக்கு நேர் எதிரா தென் கொரியா. 2025 செப்டம்பர்ல டேஜான் நகரத்துல இருக்கற அரசு டேட்டா சென்டர்ல பேட்டரியிலேர்ந்து தீ. அரசு ஊழியர்கள் ஃபைல் வச்சிருந்த ஜி-டிரைவ்ங்கற சேவையில 858 டெராபைட் போயிடுச்சு. ரொம்பப் பெரிசா இருந்ததால வெளி பேக்கப்பே இல்லைங்கறதுதான் சொல்லப்பட்ட காரணம். பெரிய சொத்துக்கு பிரீமியம் அதிகம்னு இன்சூரன்ஸ் போடாம விட்ட கதை.

நம்ம ஊருக்கு வாங்க. 2015 டிசம்பர்ல சென்னை, 2023 டிசம்பர்ல தூத்துக்குடி, திருநெல்வேலி. தரைத்தளத்துல கம்ப்யூட்டர், அதே டேபிள் டிராயர்ல பேக்கப் ஹார்ட் டிஸ்க். தண்ணிக்கு எது ஒரிஜினல் எது காப்பினு வித்தியாசம் தெரியாது.

பீட்டர் குரோனு ஒரு போட்டோகிராபர் பிரபலப்படுத்தின 3-2-1 விதி இதுக்குத்தான்: மூணு காப்பி, ரெண்டு வேற வகை இடத்துல, அதுல ஒண்ணு வெளியூர்ல அல்லது வேற கட்டடத்துல. இதோட நான் ஒண்ணு சேர்த்துக்குவேன். அந்த மூணுல ஒண்ணாவது எதோடவும் இணைக்காம பிடுங்கி வச்சதா இருக்கணும். ரேன்சம்வேர் வந்தா, செருகியே வச்சிருக்கற டிஸ்க்கையும் சேர்த்துத்தான் பூட்டும்.

செலவு எவ்வளவு?

ரெண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க், மொத்தம் 12,000 ரூபாய்னு வச்சுக்குவோம். நாலு வருஷம் உழைச்சா வருஷத்துக்கு 3,000. கிளவுட்ல ஒரு இடம் வருஷம் 1,500. ஆக 4,500 ரூபாய், மாசத்துக்கு 375. விலை நீங்க வாங்கற அன்னிக்கு மாறும், ஆனா அளவு இதுதான். 22 லட்சம் பாக்கிக்கு வருஷம் 4,500ங்கறது 0.2 சதவீதத்தை ஒட்டி வருது.

டிஸ்க் ரெண்டும் மாறி மாறி: ஒரு வாரம் 'அ' கடையில, 'ஆ' வீட்டுல. அடுத்த வாரம் மாத்துங்க. ராத்திரி பேக்கப் எடுத்ததும் கழட்டி வைக்கணும். இந்த கழட்டி வைக்கற வேலையைத்தான் மூணாவது வாரமே எல்லாரும் மறந்துடுவாங்க, அதனால கல்லா எண்ற ஆளுக்கே இந்த வேலையையும் குடுத்துடுங்க. கல்லா எண்ணாம யாரும் கடையைப் பூட்டறதில்லையே.

எத்தனை நாள் காப்பி வைக்கணும்? ஏழு நாள் மட்டும் வச்சா ஒரு ஆபத்து இருக்கு. ஒருத்தர் மூணு மாசமா லெட்ஜர்ல கை வச்சிட்டு இருக்கறது இன்னிக்குத்தான் தெரியுதுன்னா, ஏழு காப்பியிலயும் அதே தப்புக் கணக்குதான் இருக்கும். பழைய முறை ஒண்ணு இருக்கு, தாத்தா-அப்பா-மகன்னு பேரு. தினக் காப்பி ஏழு, வாரக் காப்பி நாலஞ்சு, மாசக் காப்பி பன்னெண்டு. மார்ச் 31 கணக்கு முடிச்சு ஆடிட்டர் ஓகே சொன்னதும் ஒரு வருஷக் காப்பி தனியா.

வருஷக் காப்பி ஆசைக்கு வைக்கறது இல்ல, சட்டமே கேக்குது. ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 36படி, அந்த வருஷத்தோட ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலேர்ந்து 72 மாசம் கணக்கு இருக்கணும். வழக்கு நடந்துட்டு இருந்தா அதுக்கும் மேல. ஜிஎஸ்டி விதி 57 இன்னும் நேரா சொல்லுது: விபத்துலயோ இயற்கைச் சீற்றத்துலயோ போனா நியாயமான நேரத்துல திரும்பக் கொண்டுவர மாதிரி பேக்கப் இருக்கணும்னு. பிரைவேட் லிமிட்டெட் கம்பெனியா இருந்தா 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்கு அப்புறம், கணக்கோட பேக்கப்பை தினமும் இந்தியாவுக்குள்ள இருக்கற சர்வர்ல வைக்கணும். அப்போ வீட்டு பீரோவுல இருக்கற டிஸ்க் மட்டும் போதாது, இதை உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

மாசச் சந்தா கட்டி ஆன்லைன் பில்லிங் பயன்படுத்தறவங்களுக்கு, பேக்கப் அவங்க பொறுப்புதான். ஆனா சந்தா நின்னா, கணக்கு முடக்கப்பட்டா, அந்தக் கம்பெனியே மூடிட்டா? மாசம் ஒரு தடவை லெட்ஜரையும் பில் லிஸ்ட்டையும் எக்ஸெல்லா இறக்கி வச்சுக்கோங்க. இறக்கவே முடியாதுனு சொல்ற சாஃப்ட்வேரா இருந்தா, வருஷச் சந்தாவுல தள்ளுபடி தர்றாங்கன்னு மூணு வருஷத்துக்கு கட்டிடாதீங்க.

கிளெய்ம் பண்ணிப் பாருங்க

இது அரை மணி நேர வேலை. வேற ஒரு லேப்டாப்ல அதே சாஃப்ட்வேரை ஏத்தி, பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணுங்க. ஓடிட்டு இருக்கற கம்ப்யூட்டர்ல, அதே ஃபோல்டர்ல பண்ணிடாதீங்க, இன்னிக்கு டேட்டா மேல நேத்து டேட்டா உக்காந்துடும். லேப்டாப் இல்லைன்னா குறைஞ்சது வேற ஃபோல்டர், வேற டேட்டாபேஸ் பேர்ல.

திறந்ததும் மூணு விஷயம் பாருங்க. கடைசி பில் நம்பர் சரியா இருக்கா. டிரையல் பேலன்ஸ் மொத்தம் ஒத்துப் போகுதா. உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரு பெரிய பார்ட்டியோட பாக்கி சரியா. ஆரம்பிச்ச நேரத்தையும் முடிஞ்ச நேரத்தையும் குறிச்சு வைங்க, அதுதான் உங்க உண்மையான ஆர்டிஓ. நாலு மணி நேரத்துல எழுந்துடலாம்னு நினைச்சிருப்பீங்க, சாஃப்ட்வேர் லைசென்ஸ் கீ தேடவே மூணு மணி நேரம் ஆகும்.

பாஸ்வேர்டு பத்தி ஒண்ணு. பேக்கப்புக்கு பாஸ்வேர்டு போடறது நல்லதுதான், டிஸ்க் தொலைஞ்சா கணக்கு அடுத்தவன் கைக்குப் போகாது. ஆனா டேலிவால்ட் மாதிரி பூட்டுக்கு பாஸ்வேர்டு மறந்துட்டா அதைத் திரும்ப எடுக்க வழியே இல்ல. அது உங்க தலைக்குள்ள மட்டும் இருந்து, நீங்க பத்து நாள் ஆஸ்பத்திரியில படுத்துட்டா, உங்க வீட்டம்மாவோ பையனோ பாக்கி வசூல் பண்றது எப்படி? பேங்க் எஃப்டிக்கு நாமினி போடற மாதிரி இதுக்கும் ஒரு ஆள் வேணும். டிஸ்க் எங்க இருக்கு, பாஸ்வேர்டு என்ன, எந்த சாஃப்ட்வேர், யாருக்கு போன் பண்ணணும்னு நாலு வரி எழுதி, பாலிசி பத்திரம் வைக்கற அதே கவர்ல போட்டு வைங்க.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை இந்த சோதனையைப் பண்ணலாம். மாசம் 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி போடறவங்களுக்கு 21ஆம் தேதி கொஞ்சம் மூச்சு விடற நாள், அன்னிக்கு வச்சுக்கோங்க. உங்க சாஃப்ட்வேர் பேரு, டேட்டா சைஸ், ரீஸ்டோர் ஆக எவ்வளவு நேரம் ஆச்சுங்கற மூணையும் வீடியோ கமெண்ட்ல போடுங்க. ஒரே சாஃப்ட்வேர் பயன்படுத்தறவங்க நிறைய பேர் இருந்தா, அதுல ரீஸ்டோர் எப்படி பண்றதுனு தனி வீடியோவா ஸ்கிரீன்ல காட்டறேன்.